ஆறு ஒன்று, இலாகாக்கள் பல: நடுவில் தோட்டம்

நெகிரி செம்பிலான் வரைபடத்தை எடுத்து, சாலைகளையும் பட்டணங்களையும் விட்டுவிட்டு ஆறுகளை மட்டும் பாருங்கள். லிங்கி ஆறு சிரம்பானைக் கடந்து தென்மேற்கே போய், மலாக்கா எல்லையை ஒட்டிக் கடலில் விழுகிறது. கோலப்பிலா பக்கம் ஓடும் மூவார் ஆறு ஜொகூருக்குப் போய்விடுகிறது. ஜெலெபுவின் திரியாங் ஆறும் ஜெம்போலின் செர்த்திங் ஆறும் கிழக்கே பகாங் ஆற்றுப் படுகைக்குச் செல்கின்றன. நீலாய், லாபு பக்கத்துச் சிற்றாறுகள் சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் சேர்கின்றன. பெரிய ஆறுகள் எல்லாமே மாநிலத்தை விட்டு வெளியேறுகின்றன அல்லது எல்லையில் முடிகின்றன. பழங்காலத்தில் ஜெம்போல் அருகே மூவார் ஆற்றுக்கும் செர்த்திங் ஆற்றுக்கும் இடையில் படகுகளைத் தரைவழியே இழுத்துச் சென்றதாக வரலாற்றில் படிக்கிறோம். 'பெனாரிக்கான்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைத்த பாதை அது.

இந்த நில அமைப்பை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஓர் அணையோ நீர்த்தேக்கக் குளமோ கட்டினால் அது ஒரு மாநிலத்தோடு நின்றுவிடாது. மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவரைப் பாதிக்கும். ஆகவே பல அரசு இலாகாக்கள், சில வேளைகளில் இரண்டு மாநில அரசுகள், அவற்றோடு கூட்டரசு, எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டியிருக்கிறது. உட்காரத்தான் செய்கிறார்கள். கூட்டமும் நடக்கிறது, அறிக்கையும் வருகிறது. அந்தக் கூட்டத்தில் எது முடிவாகிறது, எது முடிவாகாமல் விடப்படுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

பல்நோக்கு நீர்த்திட்டம் என்று பாடநூலில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். குடிநீர், பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என நான்கையும் ஒரே வரியில் அடுக்கி மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்த நான்கும் ஒரே வீட்டில் சண்டை போடும் அண்ணன் தம்பிகள் மாதிரி. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்றால் மழைக்காலத்துக்கு முன் அணை பாதி காலியாக இருக்க வேண்டும். குடிநீர்க்காரருக்கு அது எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். மின்சாரம் எடுப்பவருக்கு நீர்மட்டம் உயரமாக நின்றால்தான் இலாபம். ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஓர் இலாகா, ஒரு பட்ஜெட், ஓர் அதிகாரி. ஒத்துழைப்பு என்பது இவர்கள் ஒரே மேசையில் தேநீர் குடிப்பதில் இல்லை. நெருக்கடி வரும் நாளில் யார் விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதில் இருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம். 2007-இல் திறக்கப்பட்டது. வெள்ள நீரைக் கடத்தும் சுரங்கத்தின் நீளம் 9.7 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதிக்குள்ளேயே இரண்டு அடுக்குச் சாலை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவும் நெடுஞ்சாலை வாரியமும் சேர்ந்து, தனியார் நிறுவனத்தோடு கட்டியது. சாலை நடத்துபவருக்கு டோல் வருமானம் முக்கியம். வெள்ளம் பார்ப்பவருக்கு நகரம் மூழ்காமல் இருப்பது முக்கியம். அடைமழை நாளில் யார் சொல்வது எடுபடும்? அதை ஓர் எண் தீர்மானிக்கிறது. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் இடத்தில் நீரோட்டம் வினாடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டினால் சாலைக்குக் கீழே உள்ள அடித்தளத்தில் மட்டும் தண்ணீர் விடுவார்கள். வாகனங்கள் மேலே ஓடிக்கொண்டிருக்கும். 150 கன மீட்டரைத் தாண்டும் அளவுக்குப் புயல்மழை வந்தால் சாலையை மூடி, வாகனங்களை வெளியேற்றி, முழுச் சுரங்கத்தையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கூட்டம் போட்டு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சண்டையைத் திட்டமிடும்போதே போட்டு முடித்துவிட்டார்கள் என்பதுதான் அதன் சிறப்பு என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான கதை கேமரன் மலையில் நடந்தது. ரிங்லெட் அருகே உள்ள சுல்தான் அபு பாக்கார் அணை 1963 முதல் இயங்குகிறது. மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. மேலே மலைச்சரிவுகளைக் காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டி வெட்டி, மண் முழுக்க அணைக்குள் வந்து படிந்தது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நின்றது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் வீடுகள் பெருகின. 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் கனமழையில் அணை நிரம்பி, நீர் திறந்துவிடப்பட்டபோது வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்ச் சேதம் ஏற்பட்டது. அணை மின்வாரியத்துடையது. மலைச்சரிவு நிலம் மாநில அரசின் கையில். ஆற்றோர ஒதுக்கு நிலத்தைக் கவனிப்பது இன்னொரு தரப்பு. வீடுகளுக்கு அனுமதி, அனுமதியின்மை எல்லாம் வேறொரு தரப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு வரை முழு ஆற்றுக்கும் ஒருவர் இல்லை.

இப்படி ஆவதற்குச் சட்டமும் ஒரு காரணம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் ஆறும் மாநில அரசின் அதிகாரம். 2005-இல் திருத்தம் கொண்டுவந்து, தீபகற்பத்தில் நீர் விநியோகச் சேவையை மட்டும் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பட்டியலுக்கு மாற்றினார்கள். 2006-இல் நீர்ச் சேவைத் தொழில் சட்டமும் விநியோகத்தை மேற்பார்வையிடும் ஸ்பான் ஆணையத்துக்கான சட்டமும் வந்தன. சுருக்கமாகச் சொன்னால், ஆற்றில் ஓடும் வரை தண்ணீர் மாநிலத்துடையது, குழாய்க்குள் புகுந்தபின் கூட்டரசின் கண்காணிப்பில். இதற்கிடையில் 1920-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் இன்னமும் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மாநிலங்களில் இருக்கிறது. நம் முன்னோர்கள் ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வந்துகொண்டிருந்த காலத்துச் சட்டம் அது.

திட்டம் போடுவதில் நாம் குறைவைக்கவில்லை. 1982-இலேயே ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு தேசிய நீர்வள ஆய்வு நடந்தது. 1998-இல் தேசிய நீர்வள மன்றம் அமைந்தது. 2000-இல், 2050 வரையிலான தேவையைக் கணக்கிட்ட இன்னோர் ஆய்வு வந்தது. 2012-இல் தேசிய நீர்வளக் கொள்கை. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

காகிதத்துக்கும் குழாய்க்கும் இடையில் என்ன நடக்கும் என்பதற்குப் பகாங்-சிலாங்கூர் நீர்மாற்றுத் திட்டத்தைப் பாருங்கள். பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 1,890 மில்லியன் லிட்டர் நீரை, தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்த 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உலு லங்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம். ஜப்பானியக் கடன். கெலாவ் அணைக்காகப் பூர்வக்குடியினர் இடம் மாற்றப்பட்டார்கள். பொறியியலாக அது பெரிய சாதனை. தென்கிழக்காசியாவிலேயே மிக நீளமான சுரங்கங்களில் ஒன்று. ஆனால் மறுமுனையில் அந்த நீரைச் சுத்திகரிக்க வேண்டிய லங்காட் 2 ஆலைக்கு மாநிலத்தின் மேம்பாட்டு அனுமதி வேண்டும். முதலில் கசியும் குழாய்களைச் சரிசெய்யுங்கள், பிறகு புதிய ஆலையைப் பற்றிப் பேசலாம் என்றது அப்போதைய சிலாங்கூர் அரசு. கூட்டரசோ தண்ணீர் போதாது என்றது. நீர் நிறுவனங்களின் மறுசீரமைப்பும் அதோடு சிக்கிக்கொண்டது. 2014 பிப்ரவரியில்தான் இரு தரப்பும் ஒப்பந்தத்துக்கு வந்தன. அதே ஆண்டு வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளியோடு தண்ணீர்ப் பங்கீட்டுக்குக் காத்திருந்தார்கள். சுரங்கம் தயாரான பிறகும் பல ஆண்டுகள் ஆலைக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

சிலாங்கூர் கேட்டதிலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இன்றும் நாடு முழுவதும் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கசிந்தோ திருடுபோயோ அளவி பழுதாகியோ, கணக்கில் வராமல் போகிறது. ஆனால் அந்தக் கேள்வியைச் சுரங்கம் தோண்டுவதற்கு முன் கேட்டுத் தீர்த்திருக்க வேண்டும்.

அதே 2014 வறட்சி நெகிரி செம்பிலானையும் விடவில்லை. ஆறுகள் வற்றி, சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் நீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது. மாநிலத்தின் நீர் விநியோகம் 2009 முதல் சாயின்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. சிரம்பான் பக்கத் தேவைக்காக, பகாங் நோக்கி ஓடும் திரியாங் ஆற்றில் ஜெலெபுவில் அணை கட்டி, மலைக்கு இந்தப் பக்கம் நீரைத் திருப்பியிருக்கிறார்கள். கிழக்கே போக வேண்டிய தண்ணீரை மேற்கே நாம் குடிக்கிறோம். நீலாய்ப் பக்கமோ இதற்கு எதிர்த்திசை. 2016-இல் சிலாங்கூரின் செமினி சுத்திகரிப்பு ஆலை நீர் மாசினால் திரும்பத் திரும்ப மூடப்பட்டபோது, ஒரு கட்டத்தில் மாசின் மூலம் எல்லைக்கு இந்தப் பக்கம், நீலாய்த் தொழிற்பேட்டைப் பகுதி என்று சொல்லப்பட்டது. சிலாங்கூரில் குழாய் வறண்டது, ஆனால் நடவடிக்கை எடுக்க வேண்டிய ஊராட்சி நெகிரி செம்பிலானில். லங்காட் படுகைக்கு மாநில எல்லை தெரியாது. நம் இலாகாக்களுக்குத் தெரியும்.

இனி தோட்டத்துக்கு வருவோம். லிங்கி ஆற்றின் இரு கரையிலும், ரந்தாவ், சிலியாவ், லிங்கி, போர்ட்டிக்சன் என்று எங்கு திரும்பினாலும் ரப்பரும் பிறகு செம்பனையும்தான். மழைநீர் ஆற்றில் சேருமுன் கடக்கும் நிலம் அதுதான். மண் அரிப்பு, உரம், பூச்சிமருந்து, தோட்டக் கால்வாய், தாழ்ந்த 'பாசா' நிலம், எல்லாம் ஆற்றின் நலத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. ஆனால் நீர்த்திட்ட வரைபடத்தில் தோட்டம் என்பது பச்சை நிறத்தில் ஒரு வெற்றிடம். காரணம், அது தனியார் நிலம்.

தனியார் நிலம் என்ற ஒரு சொல் எத்தனை கதவுகளை மூடும் என்பது தோட்டக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். கிராமப்புற மேம்பாட்டுப் பணம் கம்பத்துக்கும் பெல்டா குடியேற்றத்துக்கும் போகும், தோட்டத்துக்குள் வராது. என் பாட்டி போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பெரிய சாலையோரம் அரசாங்கக் குழாய் ஓடியது. லயத்துக்கு வந்ததோ தோட்டத்துக் குட்டையிலிருந்து இறைத்து மேட்டிலிருந்த தொட்டியில் நிரப்பிய தண்ணீர். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். மழை பெய்தால் காப்பி நிறத்தில் வரும். வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம் என்பார். யாரிடம் புகார் செய்தீர்கள் என்று கேட்டேன். "கிராணி ஐயாகிட்ட சொல்லுவோம். அவரு தொரகிட்ட சொல்றேம்பாரு. வேற யாரத் தெரியும் எங்களுக்கு?" என்றார்.

யாரைத் தெரியும் என்பது நல்ல கேள்வி. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் நீர் தருவது முதலாளியின் கடமை. அதை மேற்பார்வை செய்வது தொழிலாளர் இலாகா. நீரின் தரத்தைப் பார்ப்பது சுகாதார இலாகா. பொதுக் குழாயிலிருந்து எல்லை வரை கொண்டுவருவது நீர் நிறுவனம். ஆற்றிலிருந்து தோட்டம் நீர் எடுப்பது மாநிலத்தின் விஷயம். நிலப் பயன்பாடு நில அலுவலகம். வடிகால், இன்னோர் இலாகா. கழிவு ஆற்றில் கலந்தால் சுற்றுச்சூழல் இலாகா. ஒரு லயத்துக் குழாயில் கலங்கல் வந்தால் இத்தனை அலுவலகங்களுக்கும் அதில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. முழுப் பொறுப்பு யாருக்கும் இல்லை. கேமரன் மலையில் பார்த்த அதே கதைதான், சின்ன அளவில்.

இப்போது தோட்டங்களில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தானே அதிகம், இது பழைய கதை என்று சிலர் சொல்லலாம். லயத்தை விட்டுக் கிளம்பியவர்கள் சிரம்பான், செனவாங், நீலாய் தாமான்களில்தான் குடியேறினார்கள். அதே ஆற்று நீரைத்தான் இப்போது மீட்டர் போட்டுக் குடிக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கலங்கல் தண்ணீர் போதும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நம் தாத்தா பாட்டிகளைப் பற்றியும் ஒரு காலத்தில் யாரோ அப்படி நினைத்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த நிலம் இப்போது கைமாறுகிறது. 'மலேசியா விஷன் வேலி 2.0' திட்டம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் சுமார் 153,000 ஹெக்டர் பரப்பை உள்ளடக்கியது. அதில் பெரும் பகுதி பழைய தோட்ட நிலம். தொழிற்பேட்டை, வீடமைப்பு, சாலை எல்லாம் வரும். மரம் இருந்த இடத்தில் தார் போட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, வேகமாக ஆற்றுக்கு ஓடும். வெள்ளம் கூடும். அதே நேரத்தில் குடிநீர்த் தேவையும் கூடும். ஒரே நிலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் அதிகம், வறட்சியில் தண்ணீர் இல்லை. பல்நோக்குத் திட்டம் என்ற சொல்லுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துப் பாசா நிலங்களை மண் கொட்டி மேடாக்காமல் நீர்த்தேக்கக் குளங்களாக விட்டுவைத்தால், அடைமழையில் வெள்ளத்தைத் தாங்கும். வறட்சியில் ஆற்றுக்கு நீர் கொடுக்கும். சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக் குட்டைகளின் நீரை ஆற்றுக்கு இறைத்துப் பயன்படுத்தியதை இதற்கு முன்னோடியாகச் சொல்லலாம். ஆனால் இதைச் செய்ய வடிகால் இலாகா, சாயின்ஸ், நில அலுவலகம், திட்டமிடல் இலாகா, நில உரிமையாளர் ஐவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டு மனையாக விற்றால் கோடி பெறும் நிலத்தைத் தண்ணீர் நிற்க விடு என்றால் யார் நட்டத்தை ஏற்பது? வெள்ளத்துக்காகக் குளத்தைக் காலியாக வைப்பதா, வறட்சிக்காக நிரப்பி வைப்பதா? ஸ்மார்ட் சுரங்கத்தில் போல இதற்கும் ஓர் எண் வேண்டும்.

நிலத்தை முதலிலேயே ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்கு எழுபது ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாக வைத்து 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தொடங்கப்பட்டது. மத்திய அரசும் பீகாரும் மேற்கு வங்காளமும் பங்காளிகள். அணைகள் திட்டமிட்டதைவிடக் குறைவாகவே கட்டப்பட்டன. 1957-இல் முடிந்த மைத்தன், 1959-இல் முடிந்த பாஞ்செத் அணைகளில், வெள்ளத்தைத் தேக்க வேண்டிய உயரம் வரைக்கும் நிலம் முழுமையாகக் கையகப்படுத்தப்படவில்லை. நீர்மட்டத்தை அதற்குமேல் உயர்த்தினால் மக்கள் குடியிருக்கும் நிலம் மூழ்கும். எனவே அணை இருந்தும் அதன் முழு வெள்ளத் தாங்குதிறன் கிடைக்கவில்லை. கான்கிரீட்டில் குறை இல்லை. பங்காளிகள் பேசி முடிக்காமல் விட்டது நிலத்தில்தான்.

நம்மிடம் இன்னும் அந்த நிலத்தில் பாதி செம்பனையாகவே நிற்கிறது என்பதுதான் வேறுபாடு. வீடுகள் எழும்பிய பிறகு குளத்துக்கு இடம் கேட்டு யாரும் வர முடியாது.

மாணவர்களாகிய நாம் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, மாநிலக் கட்டமைப்புத் திட்டம், மாவட்டத்து வட்டாரத் திட்டம் ஆகியவற்றின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுத்து மூலம் கருத்தோ ஆட்சேபமோ தெரிவிக்கலாம். பெரிய அணைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் வேண்டும். இந்த ஆவணங்கள் பெரும்பாலும் மலாயில் இருக்கும், தடித்த புத்தகமாக இருக்கும், வரைபடங்கள் பொடி எழுத்தில் இருக்கும். என் பாட்டி அதைப் படிக்க முடியாது. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் மலாயில் புவியியல் எழுதிய நமக்கு அது முடியும். எஸ்.பி.எம். புவியியலுக்கு வரைபடம் பார்க்கக் கற்றதை இங்கே பயன்படுத்தலாம்.

வரைவு கையில் கிடைத்தால் நான் முதலில் தேடப்போவது மூன்று விஷயங்கள். உங்கள் பக்கத்து ஆற்றின் ஒதுக்கு நிலம் வரைபடத்தில் எத்தனை மீட்டர் அகலம் காட்டப்பட்டிருக்கிறது. பழைய தோட்டத்தின் தாழ்நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது, நீலமா, வீட்டுமனை நிறமா. இன்னமும் ஆள்கள் குடியிருக்கும் லயங்கள் அந்த வரைபடத்தில் இருக்கின்றனவா, இல்லையா. மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால், கருத்துப் படிவத்தில் எழுதுவதற்கு முதல் வரி கிடைத்துவிட்டது: இந்தக் குடியிருப்புக்கு எந்த ஆண்டுக்குள், எந்த இலாகா, எங்கிருந்து குழாய் கொண்டுவரும்?